வாகனாலங்கார தனவிசாரம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

தொல்காப்பியர் காலம் எது, திருவள்ளுவர் சமயம் எது, சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இளங்கோவடிகள் செய்ததா பிறர் செய்து சேர்த்ததா என்னும் வினாக்களைப் பற்றிக் காலங்காலமாகப் பத்திரிகைகளிலும் மாநாட்டு மலர்களிலும் ஒருவரையொருவர் கண்டித்தும், கண்டித்தவரை மறுபடியும் கண்டித்தும் எழுதிக் களைத்த அறிஞர் பெருமக்கள், மாதச் சம்பளம் வாங்கும் ஒரு சாதாரண கிருகஸ்தன் தன் காருக்கு அலாய் வீல் மாட்டுவதற்கு வேண்டிய திரவியத்தை எங்கிருந்து, எவ்வாறு, யாருக்குத் தெரியாமல் சேகரிக்கிறான் என்னும் விஷயத்தில் மட்டும் இன்றுவரை மௌனம் சாதித்து வருகிறார்கள். பொருட்பாலின் 70 அதிகாரங்களிலும் இதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. இதைக் கொண்டு வள்ளுவர் காலத்தில் வாகனாலங்காரமே இல்லையென்று முடிவு கட்டுவது அவசர புத்தியாகும். இருந்தது, ஆயினும் வீட்டில் தெரிந்துவிடும் என்று அஞ்சி வள்ளுவர் சொல்லாது விடுத்தார் என்று கொள்வதே ஆராய்ச்சி நெறிக்கு ஒத்தது.

இத்துறைக்குரிய நிலம் சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடும், பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையும் ஆகும். பொழுது, தீபாவளி போனஸ் வந்து வீட்டுக்குத் தெரிவிக்கப்படுவதற்கு முற்பட்ட இடைவேளை. கருப்பொருள், உரிப்பொருள் முதலியவற்றையும் வகுத்து நாற்பது பக்கம் எழுதலாம். பட்டம் வேண்டுவோர் அவ்வாறு எழுதுக.

இனி, தனம் சேர்க்கும் மார்க்கங்களை ஆராய்வோம். முதலாவது, வரவில் செலவு போக மிஞ்சுவதை எடுத்து வைத்தல். இதற்கு உதாரணம் கிடைக்கவில்லை.

இரண்டாவது, அஞ்சலகத் தொடர் வைப்பு. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம் என்பதாலும், ஐந்து ஆண்டு முடியும் வரை கை வைக்க மனம் கூசும் என்பதாலும், பெரியோர் பலர் இதையே உபதேசிக்கின்றனர். மாதம் 1,000 ரூபாய் வீதம் 60 மாதம் கட்டினால், 6.7 சதவீத வட்டியில், முடிவில் 71,366 ரூபாய் கையில் கிடைக்கும். நான்கு அலாய் வீலும், அவற்றுக்கேற்ற டயர்களும், ஒருவாறு சீட் கவரும் இதில் அடங்கும். ஆயின் அந்த ஐந்து ஆண்டில் காருக்கும் ஐந்து வயது கூடி, கம்பெனிக்காரன் புது மாடல் இறக்கி, சக்கரம் மாட்டுவதா வண்டியையே மாற்றுவதா என்னும் புதிய தத்துவ விசாரம் தலையெடுத்துவிடுமாதலால், இம்மார்க்கம் முக்திக்கு உதவுமேயன்றி அலாய் வீலுக்கு உதவாது என்க.

மூன்றாவது, ஏலச்சீட்டு. 20 பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் லட்ச ரூபாய்ச் சீட்டில், முதல் மாதமே எடுக்கத் துடிப்பவன் 30,000 ரூபாய் தள்ளிக் கேட்டு 70,000 ரூபாயோடு நேரே ஜி.பி. ரோட்டுக்குப் போகிறான், அவன் தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் போக மிஞ்சியது பொறுமைசாலிகளுக்குக் கழிவாகப் பகிரப்படுகிறது. அந்தக் கமிஷனுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் 5 சதவீதம் என்று வகுத்திருந்த உச்ச வரம்பு, 2019-இல் 7 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே, ஒருவன் காரில் ஏறிய ஸ்பாய்லருக்கு, அடுத்த பத்தொன்பது மாதமும் சந்தா கட்டி அவனே கப்பம் செலுத்த, பதினெட்டு வீடுகளில் அந்தக் கழிவைக் கொண்டு மளிகை வாங்குகிறார்கள். (பத்தொன்பதாமவர் தாமும் இரண்டாம் மாதமே எடுத்துவிடுவார். அவரிடமும் கார் இருக்கிறது.)

நான்காவது, தவணை. இது சேமிப்பு அன்று. சேமிப்பின் ஆவி எதிர்காலத்திலிருந்து வந்து நம்மைப் பிடித்து ஆட்டுவதாகும்.

ஐந்தாவதாகிய சிறுவாடே ஆராய்ச்சிக்கு உரியது. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பெண்டிர் தமக்கென ஒளித்து வைக்கும் பணம் சிறுவாடு என்பதும், 8-11-2016 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும் அவையெல்லாம் கணவன்மார் கண்முன்னே வெளிப்பட்டு, பல இல்லங்களில் நெடுநாள் மர்மங்கள் ஒரே இரவில் விடுபட்டன என்பதும் யாவரும் அறிந்ததே. ஆடவர்க்கும் சிறுவாடு உண்டென்பதை இக்கட்டுரை முதன்முதலாக நிறுவுகிறது. (இக்கருத்தை மறுப்பாரும் உளர்; அவர்களை யான் முன்னரே வேறோரிடத்தில் தக்கவாறு மறுத்துள்ளேன். எவ்விடத்தில் என்பது சமயத்தில் நினைவுக்கு வரவில்லை.)

ஆடவர் சிறுவாடு பிறக்கும் இடம் பெட்ரோல் பங்க். மாதம் 900 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால் 50 லிட்டர் குடிக்கும். வீட்டுக் கணக்கிலோ அது 15 கொடுப்பதாகவும், 60 லிட்டர் குடிப்பதாகவும் எழுதப்படும். லிட்டர் ஏறத்தாழ 100 ரூபாய் விற்கும் நாளில், நடுவே நின்ற 10 லிட்டரும் 1,000 ரூபாயாகிச் சட்டைப் பையின் உள்ளறையில் தங்கும். அஞ்சலகம் இல்லை, சீட்டுக் கம்பெனி இல்லை, கமிஷன் இல்லை. இதனினும் மேலான அழகு ஒன்றுண்டு. இத்தனை பெட்ரோல் குடிக்கிறதே, வண்டிக்கு ஏதோ கோளாறு என்று வீட்டம்மாள் கவலைப்படத் தொடங்குகிறாள். சக்கரங்கள் நேராக இல்லாவிட்டால் மைலேஜ் குறையும் என்பது எந்த மெக்கானிக்கும் சத்தியம் செய்யக்கூடிய உண்மை. ஆகவே, இல்லாத கோளாறு ஒன்று பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, அந்தப் பணத்தைச் சக்கரத்துக்கே செலவிட வேண்டிய நியாயத்தையும் கற்பித்துக் கொடுத்துவிடுகிறது. காரணமும் காரியமும் இவ்வாறு ஒன்றையொன்று பெற்றெடுக்கும் அதிசயத்தைத் தர்க்க நூலார் குற்றம் என்பர். கிருகஸ்தர் பட்ஜெட் என்பர்.

பணத்தை ஒரு தலைப்பிலிருந்து மற்றொரு தலைப்புக்குக் கொண்டு செல்வதற்கும் சான்றோர் மரபு உண்டு. பத்துப்பாட்டுக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், ஓரிடத்துச் சொல்லைப் பல அடிகள் தாண்டி நிற்கும் வேறொரு சொல்லோடு மாட்டிப் பொருள் கொண்டதையும், அது பாட்டின் இயல்பான ஓட்டத்தைச் சிதைப்பதென்று மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறுத்ததையும் புலவர் அறிவர். ஜூன் மாதத்துப் பள்ளிக் கட்டணத்தில் எஞ்சியதை நவம்பர் மாதத்து சீட் கவரோடு மாட்டுவோர் நச்சினார்க்கினியர் கட்சி. ஜூன் பணம் ஜூனிலேயே நிற்க வேண்டும் என்போர் அடிகள் கட்சி. பெரும்பாலும் இவர்கள் பஸ்ஸில் செல்பவர்கள்.

ராஜதண்டனை பற்றிச் சிறிது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் நிறுவனம் வகுத்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று சொல்ல, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று விதித்தது. ஒருவன் தன் காரில் செய்த மாற்றங்களை ஒன்றும் விடாமல் எண்ணும் ஆர்வம் இவ்வையகத்தில் அவனையன்றி இச்சட்டத்துக்கு மட்டுமே உண்டு. கறுப்பு பிலிமை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடுத்தபொழுது, ஒட்டுவதற்கு ஒரு கூலி, பிடிபட்டதற்கு ஓர் அபராதம், உரிப்பதற்கு ஒரு கூலி என்று ஒரே கண்ணாடிக்கு மூன்று முறை செலவு செய்தோர் பலர். முன்பக்கத்து இரும்புக் கம்பி 2017 டிசம்பரில் அதே கதியை அடைந்தது.

இவற்றையெல்லாம் விரைந்து கடந்து, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகிய பில்லுக்கு வருகிறோம்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்த பில் ஒன்றுக்கு இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று, கடையில் அச்சாகி, காரின் டாஷ்போர்டு அறையில் இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் நான்காக மடிக்கப்பட்டுக் கிடந்தது. இதை அறைப் பிரதி என்போம். மற்றொன்று, உரிமையாளர் தம் கைப்பட எழுதி வீட்டில் சமர்ப்பித்தது; இது வீட்டுப் பிரதி. அறைப் பிரதியில் “அலாய் வீல் 4, ரூ. 28,000” என்னும் பாடம் காணப்படுகிறது. வீட்டுப் பிரதியிலோ அதே இடத்தில் “வீல் அலைன்மென்ட், ரூ. 2,800” என்றிருக்கிறது.

இப்பாடபேதம் குறித்து மூன்று கொள்கைகள் உள்ளன. ஏடெழுதுவோர் கைச்சோர்வால் ஒரு பூஜ்யம் விடுபட்டது என்பது முதற்கொள்கை. பழஞ்சுவடிகளில் இத்தகைய வழு இயல்பே என்று இவர்கள் காட்டுவர். பூஜ்யம் விடுபட்டது சரி, “4” எங்கே போயிற்று, “அலாய்” எவ்வாறு “அலைன்” ஆயிற்று, ஒரே வரியில் மூன்று சோர்வு நேருமா என்று இரண்டாம் கொள்கையார் வினவி, வீட்டுப் பிரதியே மூலபாடம் என்றும், கடைக்காரர் பேராசையால் பின்னர்ச் செய்த இடைச்செருகலே 28,000 என்றும் சாதிப்பர். மூன்றாம் கொள்கை கடையில் டயர் கழற்றும் பையனுடையது. அவன் ஏட்டில் எழுதி வைக்கவில்லை, வாய்மொழியாகச் சிரித்தான். அச்சிரிப்புக்கு உரை காண்பது எளிதன்று.

பில்லின் காலத்தை நிர்ணயிப்பதிலும் சிக்கல் உண்டு. அறைப் பிரதியின் தலைப்பில் தேதி தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும் அச்சிட்ட தேதியைப் பார்த்துத் தேதி சொல்வது கணக்குப்பிள்ளைக்கு அழகே தவிர ஆராய்ச்சியாளனுக்கு அழகாகாது என்பதால், அகச்சான்று தேடப்பட்டது. பில்லில் வரி 18 சதவீதம். 1-7-2017 முதல் சக்கரம் போன்ற உதிரிப்பாகங்களுக்கு 28 சதவீதமும், பட்டறை வேலைக்கு 18 சதவீதமும் வரி இருந்தது. அக்காலத்து வீட்டம்மாள்மார் வரி விகிதத்தை நோக்கியே எது பொருள், எது கூலி என்று துணிந்துவிட முடிந்தது. 22-9-2025 முதல் பாகத்துக்கும் 18 ஆகி, அந்த நுண்ணிய ஆராய்ச்சி வழி அடைபட்டுப் போயிற்று. வீட்டுப் பிரதியில் வரியும் 18 என்று துணிவோடு எழுதப்பட்டிருத்தலால், அது இந்தத் தேதிக்குப் பிற்பட்ட பொற்காலத்தது என்று நிறுவலாம். அச்சிட்ட தேதியும் அதுவே என்பது தற்செயல்.

வீட்டம்மாள் வண்டியைச் சுற்றி வந்து, “ஒரு மாத்தமும் தெரியலையே” என்று சொன்னதாக ஒரு கர்ணபரம்பரைச் செய்தி வழங்குகிறது. இதைச் சோதித்தோம். ஸ்விப்ட் காரின் கீழ் ரகத்துக்கு வரும் டயர் 165/80 ஆர் 14. மேல் ரகத்துக்கு வருவதும் இவர் மாட்டியதும் 185/65 ஆர் 15. முன்னதன் முழு விட்டம் 619.6 மில்லிமீட்டர், பின்னதன் விட்டம் 621.5. வேறுபாடு இரண்டு மில்லிமீட்டரும் இல்லை. அதில் பாதியே வண்டியை உயர்த்துமாதலால், 28,000 ரூபாயால் அந்தக் கார் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வானுலகை அணுகியிருக்கிறது. எனவே அம்மையாரின் கூற்று கணித ரீதியாக முற்றிலும் சரி. டயருக்கான தனி பில் இதுவரை கிடைக்கவில்லை. டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் இருக்கலாமென ஊகிக்க இடமிருந்தும், உரிமையாளர் அகழ்வுக்கு அனுமதி மறுத்துவிட்டார். அந்த ஸ்டெப்னி இன்னும் பழைய 14 அங்குல இரும்புச் சக்கரமே என்பதும், ஐந்தாவதற்கும் அலாய் வேண்டுமா என்னும் வாதத்தில் நண்பர் இருவர் ஓராண்டாகப் பேசிக்கொள்வதில்லை என்பதும் இங்கு விரிப்பிற் பெருகும்.

எஞ்சி நிற்கும் ஐயம் ஒன்றே. வீட்டுப் பிரதியின் பின்புறத்தில், வேறொரு கையெழுத்தில், பென்சிலால், “பட்டுப்புடவை 1, ரூ. 28,000” என்று ஒரு வரி காணப்படுகிறது. இங்கே பூஜ்யம் மூன்றும் குண்டு குண்டாக, எவ்விதச் சிதைவுமின்றித் தெளிவாக இருக்கின்றன. எழுத்தின் அமைதி, பென்சிலின் புதுமை ஆகியவற்றால் இது பிற்காலத்தார் ஒருவர் நுழைத்த இடைச்செருகல் என்பது தேற்றம். வாகனத்தோடு இதற்கு யாதொரு சம்பந்தமும் இல்லாமையால், இப்பதிப்பில் அவ்வரி நீக்கப்பட்டது.