இரண்டே முக்கால் மில்லிமீட்டர் கவலை

காஞ்சிபுரத்தில் ரயில் மாமாவைக் கண்டுபிடிப்பது சுலபம். பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே எந்த வீட்டிலிருந்து 'சர்ர்ர்' என்று மெல்லிய மோட்டார் சத்தம் வருகிறதோ, அது அவர் வீடு. தாத்தா காலத்துக் குழித்தறியைப் பிரித்துவிட்டார். குழியை மட்டும் மூடவில்லை. அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால், எதிரே நாலடிப் பலகையில் பதித்த தண்டவாளம் கண்ணுக்கு நேராக வருகிறதாம்.

"பொம்மை ரயிலா மாமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "மாடல்! எச்.ஓ. அளவு. அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்கு நீங்கள் எழுந்திருக்க முடியாது.

அவருடைய தீராத துக்கமே அந்த எண்பத்தேழில்தான் இருக்கிறது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர்; வகுத்தால் 19.26 வரும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ ஐரோப்பா, அமெரிக்காவின் பாதையை ஒட்டிச் செய்தது. வெறும் 16.5. மிச்சம் இரண்டே முக்கால் மில்லிமீட்டர் மாமாவைத் தூங்கவிடவில்லை. மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனபோதுகூட மனுஷன் இப்படி உருகவில்லை என்பது மாமியின் குற்றச்சாட்டு.

கடைசியில் ஊர்ச் சரித்திரத்தில் தஞ்சம் புகுந்தார். 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு முதலில் வந்தது மூன்றரை அடிப் பாதை. மீட்டர் கேஜ் அப்புறம். அகலப்பாதை அதற்கும் அப்புறம். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டால் மூன்றரை அடிக்குக் கால் மில்லிமீட்டர் குறையும், மீட்டர் கேஜுக்கு அரை மில்லிமீட்டர் கூடும். பல நாள் யோசித்து, "மீட்டர் கேஜுன்னா நானே ஏறிப் போயிருக்கேன்" என்று அரை மில்லிமீட்டரை மன்னித்தார்.

பெட்டிகளைச் செய்வது கழித்துப் போட்ட ஜக்கார்டு அட்டையில். பின்பக்கம் ஊசியால் அழுத்தினால் முன்பக்கம் ரிவெட் புடைக்கும். வரிசை பிசகாமல் அழுத்தி, ஒட்டி, பெயின்ட் அடித்து, பளபளவென்று ஆனதும் அடுத்த வேலை அதை அழுக்காக்குவது. செங்கல் பொடியைத் தடவித் துரு ஏற்றுவார், கரியைத் தேய்த்துப் புகை ஏற்றுவார்.

"ஏங்க, நம்ம வீட்டுச் சுவருக்கும் நீங்கதான் இந்தக் கலர் குடுத்தீங்களா?" என்பார் மாமி.

ஓட்டுவதாவது வேகமாக இருக்குமா? அதுவும் இல்லை. மாமா செய்வது ஷண்டிங். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த 'இங்கில்நுக்' என்ற புதிர் அது. ஐந்து பெட்டி நிற்க ஒரு லைன், மும்மூன்று நிற்க இரண்டு லைன், மொத்தம் எட்டுப் பெட்டி. சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே பெட்டிகளைக் கோத்து நிறுத்த வேண்டும். எட்டுப் பெட்டிகளை 40,320 விதமாக அடுக்கலாம் என்பதால் மாமாவுக்கு ஆயுளுக்கும் வேலை நிச்சயம்.

"தாத்தா, ஸ்பீடா விடுங்க!" என்று கத்தும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு, "ஷண்டிங்கில ஏதுடா ஸ்பீடு?" என்பதே பதில்.

"முன்னாடி இருந்தத பின்னாடி தள்ளி, பின்னாடி இருந்தத முன்னாடி இழுத்தீங்க. அரிசி டப்பாவ இறக்கித் தாங்கன்னா மட்டும் முதுகு வலி" என்று மாமி சொல்வது இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்பதில்லை.

வேலை எப்போது முடியும்? 2019இல் அத்திவரதர் எழுந்தருளியபோது "சீக்கிரமே" என்றார். இப்போது கேட்டால் "அடுத்த தரிசனத்துக்குள்ள" என்கிறார். அது 2059.

வருகிறவர்கள் எல்லாரும் "ஆகா, தத்ரூபம்!" என்பார்கள், மாமா முகம் மலராது. ஒருநாள் எதிர்வீட்டு நெசவாளர் வந்தார். ஆயுசு முழுக்க இழை எண்ணிய கண். ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் ஒரு புள்ளி குறையுதே அண்ணே" என்றார். மாமா எண்ணினார். ஆமாம், ரிவெட் ஒன்று குறைச்சல்! அன்று அவர் முகத்தில் கண்ட சந்தோஷத்தைக் கல்யாண ஆல்பத்திலும் பார்த்ததில்லை என்று மாமி இன்றும் சொல்கிறார். பெட்டியைப் பிய்த்துப்போட்டு ராத்திரியே புதிதாகச் செய்ய உட்கார்ந்துவிட்டார்.

வேறு ஊரில் பிறந்திருந்தால் இவரைக் கிறுக்கர் என்றிருப்பார்கள். ஓர் இழை பிசகினாலும் கண் உறுத்தும் இந்த ஊரில் மாமா சராசரி மனிதர்தான். அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். பாராட்ட வேண்டாம், ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டு வாருங்கள், போதும்.