கண்ணுக்கு விளக்கு வைப்பவர்

கன்ப்ளாக்காரர் என்பவர் ஜப்பானிய நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் பரவலாகக் காணப்படும் நடுத்தர வயது ஆண். பெண்களும் உண்டு, ஆனால் அவர்கள் எடுத்த வேலையை முடித்துவிடுவதால் இந்த வகையில் சேர்வதில்லை. பகலில் இவர் அலுவலகத்தில் எல்லோரையும் போல முத்திரை குத்திக்கொண்டும் தலை வணங்கிக்கொண்டும் இருப்பார். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு சாண் உயர பிளாஸ்டிக் ரோபோவின் முழங்காலை உப்புத்தாளால் தேய்ப்பார். ரயில் கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நகக்கண்ணைப் பார்க்க வேண்டும். அங்கே சோப்புக்கு அசையாத சாம்பல் நிறப் பொடி இருக்கும்.

கன்டம் ரோபோவின் பிளாஸ்டிக் மாடலுக்குச் சுருக்கப் பெயர் கன்ப்ளா. இதைச் செய்பவர்களில் மூன்று படிநிலைகள் உண்டு. பெட்டியைத் திறந்து பாகங்களைப் பொருத்தி அன்றைக்கே அலமாரியில் வைத்துவிடுபவர் முதல் படி. இவருக்கு நிம்மதியான தூக்கம் உண்டு. வண்ணம் அடிப்பவர் இரண்டாம் படி. அதற்குள் மின்விளக்கும் வைப்பவர் மூன்றாம் படி. இங்கே சொல்லப்படுவது மூன்றாமவரைப் பற்றி. இரண்டாமவரின் தொல்லைகள் அனைத்தும் இவருக்கும் உண்டு என்பதால் அவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இவருடைய தோற்றுவாய் ஒரு தோல்வி. யோஷியுகி தோமினோ இயக்கிய ‘மொபைல் சூட் கன்டம்’ தொலைக்காட்சித் தொடர் 1979 ஏப்ரலில் தொடங்கியது. பார்ப்பவர் எண்ணிக்கை ஏறவில்லை. விளம்பரம் கொடுத்த பொம்மை நிறுவனத்துக்கும் விற்பனை இல்லை. 52 வாரம் ஓடவேண்டிய கதையை 43-லேயே முடித்து, 1980 ஜனவரியில் மூட்டை கட்டினார்கள். மறுஒளிபரப்பில்தான் பையன்கள் விழித்துக்கொண்டார்கள். 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 1/144 அளவில் முதல் கிட்டை வெளியிட்டது. விலை 300 யென். கதையில் 18 மீட்டர் உயரம் கொண்ட ரோபோ, பெட்டியிலிருந்து எழுந்து நின்றால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதற்காகக் கடை வாசலில் காலையிலிருந்து வரிசையில் நின்று, தன் முறை வரும்போது சரக்குத் தீர்ந்துபோன பையன் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டான். கையில் கடன் அட்டை இருக்கிறது. பழைய ஏக்கத்தை வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறான்.

தீர்க்கும் முறை, வாங்கிக் குவிப்பது. நல்ல கிட் எப்போது கடையில் தீர்ந்துபோகும் என்று சொல்ல முடியாது. பதுக்கி விற்பவர்கள் வேறு காத்திருக்கிறார்கள். ஆகவே கண்ணில் பட்டதும் வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம் என்பது இவர் கட்சி. வாங்கியும் செய்யாமலும் கிடக்கும் பெட்டிகளை அங்கே ‘ட்ஸுமிப்புரா’ என்கிறார்கள், அதாவது அடுக்கிவைத்த பிளாஸ்டிக். மெத்தை வைக்க வேண்டிய சுவரலமாரியில் பெட்டிகள் இருக்கும். மெத்தை வெளியே இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு செய்வதற்கு என்று இவர் விளக்கம் சொல்வார். அந்த அடுக்கை உட்கார்ந்து முடிக்க, ஓய்வு பெற்றபின் இன்னொரு முழுப் பணிக்காலம் வேண்டும்.

கிட்டின் பாகங்கள் ‘ரன்னர்’ என்ற சட்டத்தில், நிறம் நிறமாக, எண் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைய கிட்டுக்குப் பசையும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம். அழுத்தினால் பொருந்தும், நிறம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது. இப்படி ஒரு தொழில்நுட்பத்தை உண்டாக்க ஷிஸுவோகா ஆலையின் பொறியாளர்கள் பல்லாண்டு உழைத்தார்கள். இவர் செய்யும் முதல் காரியம் அவ்வளவையும் வண்ணத்தால் மூடுவதுதான்.

அதற்குமுன் வெட்டு. பாகத்தைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு காம்பை நிப்பர் என்ற வெட்டுக்குறடால் இரண்டு முறை நறுக்க வேண்டும்: முதலில் சற்றுத் தள்ளி, பிறகு ஒட்டி. ஒரே வெட்டில் முடித்தால் அந்த இடம் வெளுத்துப்போகும். கத்தி, பாத்திரங்களுக்குப் பெயர்போன நீகாத்தா மாகாணத்து ட்சுபாமே நகரில் காட்ஹேண்ட் நிறுவனம் செய்யும், ஒரு பக்கம் மட்டும் கூருள்ள நிப்பர், சாதாரண கிட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. காம்பைத் தவிர வேறு எதையும், அந்தத் தடித்த சட்டத்தைக்கூட, அதனால் வெட்டக் கூடாது, முனை போய்விடும். வீட்டில் யாராவது அதை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டிவிடுவார்களோ என்பது இவருடைய நிரந்தரக் கவலை. அதனால் உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டு, பெட்டியை எங்கோ வைத்துவிட்டு, பழைய நிப்பரால் வெட்டுவார்.

கன்டத்தின் நெற்றியில் V வடிவத்தில் மஞ்சள் கொம்பு ஒன்று உண்டு. குழந்தைகளின் கண்ணைக் குத்திவிடக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் அதன் நுனியில் ஒரு மொட்டைத் துண்டை வைத்தே வார்க்கிறார்கள். இவர் அதைச் சீவி ஊசிபோல் கூராக்குவார். பிறகு அந்த நுனி, முதல் முறை விரலைக் குத்தும். இரண்டாம் முறை உடையும்.

வெட்டிய தழும்பை 400, 600, 800, 1000 என்று எண் ஏற ஏற உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்து பிரைமர் அடித்ததும், இதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் அணிவகுத்து நிற்கும். மீண்டும் 400. விடுமுறை நாள்களில் பாதி இந்த ஏணியில் ஏறி இறங்குவதிலேயே கழிகிறது. இதில் இவருக்கு வருத்தமும் இல்லை. சொல்லப்போனால், வாரம் முழுதும் அலுவலகத்தில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: தேய்த்தால் வழுவழுப்பாகிறது.

வண்ணத்துக்கு வருவோம். லேக்கர் வண்ணம் அடிக்கக் காற்று உலர்ந்திருக்க வேண்டும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் அடித்தால் ஈரம் படிந்து வண்ணத்தின்மேல் வெண்மை பூத்துவிடும். எனவே உலர்ந்த, காற்று அதிகம் இல்லாத, வெயில் காயும் நாளாகப் பார்க்க வேண்டும். மனைவி துணியையும் மெத்தையையும் பால்கனியில் உலர்த்தத் தேர்ந்தெடுக்கும் நாளும் சரியாக அதுவேதான். தின்னர் வாடையை வெளியே தள்ளும் குழாயின் வாய் இருப்பதும் அதே பால்கனி. தலையணை உறையில் வெளிர்நீலப் பொடி படிந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பல வீடுகளில் கால அட்டவணை எழுதி ஒட்டப்படுகிறது. அட்டவணைப்படி இவருக்குக் கிடைப்பது மழை நாள்கள்.

வெள்ளை ரோபோவுக்கு வெள்ளை அடிப்பது என்றால் வெள்ளை டப்பாவைத் திறப்பது அல்ல. ஒரு சொட்டு நீலம், அரைச் சொட்டு சாம்பல் சேர்த்து, தோளுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என மூன்று வெள்ளை கலக்க வேண்டும். விருந்தாளிகள் வந்து பார்த்து “ஓ, வெள்ளை” என்பார்கள். அந்த நேரத்தில் இவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது மரியாதை.

உள்ளே எலும்புக்கூடு என்று ஒன்று இருக்கிறது. 1995-இல் தொடங்கிய மாஸ்டர் கிரேடு வரிசையின் பல கிட்டுகளிலும் 1998-இல் 1/60 அளவில் வந்த பெர்ஃபெக்ட் கிரேடு வரிசையிலும் பிஸ்டன் எல்லாம் கொண்ட உட்சட்டகத்தைக் கட்டி, அதன்மேல் கவசம் மாட்ட வேண்டும். இவர் உட்சட்டகத்துக்கு இரும்பு, செம்பு, பித்தளை என மூன்று உலோக வண்ணம் அடித்து, பூச்சும் கொடுத்து, ஆறு புகைப்படம் எடுத்து, கவசத்தைப் போட்டு மூடிவிடுவார். யாருக்கும் தெரியாதே என்றால், “எனக்குத் தெரியும்” என்பார். கோவில் கட்டுகிறவர் பேசவேண்டிய பேச்சு.

இணைப்புக் கோடுகளில் மை இழுப்பதில்தான் உயிர்ச்சேதம் அதிகம். எனாமல் மையை விட்டு, மிச்சத்தை எனாமல் தின்னரால் துடைப்பது வழக்கம். அந்தத் தின்னர் இறுக்கமாகப் பொருந்திய மூட்டுக்குள் வழிந்தால், அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விடும். விட்டது அப்போதே தெரியாது. மறுநாள் காலை ரோபோ மண்டியிட்டிருக்கும்.

இவ்வளவும் ஆனபிறகு விளக்கு. உண்மையில் ஆனபிறகு அல்ல, ஆகும் முன்பே யோசித்திருக்க வேண்டியது. இவர் யோசிப்பது ஆனபிறகு. ஆகவே வண்ணம் அடித்த தலையைப் பிரித்து, கண்ணுக்குப் பின்னால் 1 மி.மீ. துளை போடுவதில் வேலை தொடங்குகிறது. உள்ளே வைப்பது 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம் உள்ள சில்லு எல்இடி. அதன் இரு முனைகளிலும் தலைமுடி பருமனுள்ள எனாமல் கம்பியைச் சால்டரிங் அயர்னால் பற்றவைக்க வேண்டும். இடுக்கியால் பிடித்தால் அது தெறிக்கும். தெறித்தால் தேட வேண்டாம். இன்னொன்றை எடுப்பதுதான் வழி. டோக்கியோ அகிஹபாராவின் மின்னணுப் பாகக் கடைகளில் எல்இடியைக் கொத்தாக விற்பதன் காரணம் இவர்களுக்குத் தெரியும். பிற்பாடு அது மனைவியின் காலுறையில் கிடைக்கும். பிள்ளை வந்து “அப்பா, இது நடக்குமா?” என்று கேட்டால் “நடக்காது, கண் எரியும்” என்பார். பற்றவைக்கும் புகையில் அவர் கண்ணும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

மின்சுற்று எளிது என்று இவர் நம்புகிறார். 3 வோல்ட் பொத்தான் பேட்டரி, கண்ணுக்கு ஒரு சிவப்பு, மார்புக்கு ஒரு நீலம், இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தால் போதும். சேர்த்தால் சிவப்பு மட்டும் எரியும். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வேண்டும். மின்தடை இல்லாவிட்டால் சிவப்பே மின்னோட்டத்தை முழுங்கிவிடும். பள்ளியில் ஓம் விதியைத் தூங்கிக் கழித்தவர் நாற்பத்தெட்டு வயதில் இரவு ஒரு மணிக்கு அதைப் படிக்க உட்காருவது இப்படித்தான். 10 மில்லியாம்பியருக்கு 100 ஓம் என்று விடை வந்ததும் அடையும் மகிழ்ச்சி பதவி உயர்வில்கூட அவருக்கு வந்ததில்லை.

அடுத்தது கசிவு. மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குள் விளக்கு எரிந்தால் கண் மட்டும் ஒளிராது. தலை முழுதும் காகித விளக்குபோல ஒளிரும். தடுக்க, உள்பக்கத்தில் கறுப்பு அடித்து, ஒளி திரும்பிவர அதன்மேல் வெள்ளி அடிக்க வேண்டும். அந்தப் பூச்சின் கனத்தால் தலை மூடாது. மூட, விளிம்பைத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் வெளிவண்ணம் போகும். பெட்டியைத் திறந்து ஓராண்டுக்குப் பிறகு மனைவி “எப்போது முடியும்?” என்று கேட்பார். “மேல்பூச்சு மட்டும்தான் பாக்கி” என்பதே விடை. சென்ற மாதமும் அதுவேதான்.

கம்பி கழுத்து வழியாக இறங்கி இடுப்பைக் கடந்து பேட்டரிக்குப் போகிறது. தலையைத் திருப்பினால் அறுந்துவிடும். ஆகவே எத்திசையிலும் திரும்பும் மூட்டுகளுக்காக அதிக விலை கொடுத்து வாங்கிய ரோபோ, விளக்கு வந்த நாளிலிருந்து அசையாமல் நிற்கிறது. சுவிட்ச் வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று காந்தத்துக்கு இணங்கும் ரீட் சுவிட்சை முதுகுக்குள் புதைப்பார். காந்தத்தை எங்கே காட்ட வேண்டும் என்பது ஒரு மாதத்தில் மறந்துபோகும். விருந்தாளி முன்னால் ரோபோவின் முதுகைக் காந்தத்தால் தடவிக்கொண்டிருக்கும் மனிதரைக் கண்டால், அவர் மருத்துவம் பார்க்கவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

எரிந்தபின் வரும் சிக்கலுக்குத் தீர்வே இல்லை. மூன்று வெள்ளையும் தெரிய அறையில் நல்ல வெளிச்சம் வேண்டும். கண் ஒளி தெரிய அறை இருட்டாக வேண்டும். ஒன்றைக் காட்டினால் மற்றது மறையும். சுவரோரம் நின்று அறைவிளக்கை அணைத்தும் போட்டும் “இப்போது வண்ணம்… இப்போது கண்…” என்று இவர் நடத்தும் காட்சியை வீட்டார் ஒருமுறை முழுதாகப் பார்ப்பார்கள். டோக்கியோவின் ஒடைபாவில் 2017-இல் நிறுவப்பட்ட 19.7 மீட்டர் யூனிகார்ன் கன்டம் சிலைக்கும் இதே சிக்கல்தான். ஆனால் அங்கே சூரியனே வந்து அணைந்துவிட்டுப் போகிறது. இவர் அந்திப் பொழுதில் அங்கே போய், சிவப்பின் சாயலைத் தன்னுடையதோடு ஒப்பிட்டு, சிலையில் சற்று ஆரஞ்சு தூக்கல் என்று முடிவு கட்டுவார். 2011-இல் தொடங்கிய கன்ப்ளா உலகக் கோப்பைப் போட்டிக்கு அடுத்த ஆண்டு அனுப்புவதாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2020 டிசம்பரில் பண்டாய் இவர் வழிக்கே வந்தது. வரி நீங்கலாக 25,000 யென் விலையில் வெளியான 1/60 ‘பெர்ஃபெக்ட் கிரேடு அன்லீஷ்டு’ கன்டத்தில் எல்இடி பெட்டியிலேயே வருகிறது. துளை வேண்டாம், ஈயம் வேண்டாம், ஓம் விதியும் வேண்டாம். இந்த வகையினர் வெளியான அன்றே வாங்கினார்கள். பொருத்தி, எரியவிட்டு, கைகட்டி நின்று பார்த்தார்கள். கண் சரி, மார்பு பரவாயில்லை, கால் பாதத்தில் மட்டும் ஒளி போதவில்லை என்று தோன்றியது. மறு வாரமே 1 மி.மீ. துளைக்கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.