கடைசி வாங்கு

எங்கள் கோயிலுக்கு ஒரு வாங்கு செய்து கொடுப்பதென்று போன வருடம் முடிவெடுத்தேன். பக்தியே காரணம் என்று எழுதிவிடலாம். ஆனால் இதை என் மனைவியும் வாசிப்பாள்.

நான் அகில இலங்கை சமாதான நீதவான். வீட்டு மதிலில் பெயருக்குப் பின்னால் ‘ஜே.பி.’ என்று பித்தளை எழுத்தில் பதித்திருக்கிறேன். அதனால் கண்டியில் எங்கள் மகியாவை முழுவதும் என்னைத் தெரியும் என்று நம்பியிருந்தேன். ஊருக்குத் தெரிந்தது என் ரப்பர் முத்திரையைத்தான். காலையில் கேட்டைத் தட்டுகிறவர்கள், “சேர் இருக்கிறாரா?” என்று கேட்பதில்லை. “சீல் இருக்கா?” என்கிறார்கள். ஒருநாள் நான் ஊரில் இல்லாதபோது வந்தவர், “சேர் இல்லாட்டிப் பரவாயில்லை, சீலைக் குடுங்க” என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் நிலையான புகழ் ஒன்று வேண்டும் என்று பட்டது.

வாங்கு என்றால் நிலைக்கும். அதன் முதுகுச் சாய்மானத்தின் பின்பக்கத்தில் பெயர்த் தகடு அடித்தால், பின்னால் முழந்தாளிடுகிறவரின் மூக்குக்கு நேரே பெயர் நிற்கும். கண்ணை மூடாமல் செபிக்கிற எவரும் தப்ப முடியாது.

ஃபாதரிடம் போய், “வாங்கு தாறன் ஃபாதர், பெயர் கியரெல்லாம் வேண்டாம்” என்றேன். அவர் வற்புறுத்துவார், நான் இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை இளகுவேன் என்பது என் கணக்கு. “மிச்சம் நல்லது. மத்தேயு ஆறாம் அதிகாரம்!” என்று கைகொடுத்துவிட்டு எழும்பிவிட்டார். தருமம் செய்யும்போது எக்காளம் ஊதுகிறவர்கள் தங்கள் சம்பளத்தை இங்கேயே வாங்கிக்கொண்டார்கள் என்று யேசு சொல்லும் இடம் அது. எனக்கு வந்த வினை பாருங்கள், எக்காளமும் இல்லை, சம்பளமும் இல்லை.

பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்தீனார் தம் வாழ்க்கையைக் கடவுளிடம் ஒப்புவித்து ஒரு நூல் எழுதினார். புகழ்ச்சி இன்னமும் தமக்கு இனிக்கிறது என்று அதன் பத்தாம் புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார். புகழை வெறுக்கிறேன் என்று சொல்லியே ஒருவன் பெருமையடித்துக்கொள்ள முடியும் என்கிறார். அவர் ஆயர், ஒப்புக்கொண்டார். நான் ஜே.பி. மறுநாளே ஃபாதரிடம் திரும்பிப் போய், பெயர்த் தகடு காலஞ்சென்ற அப்பாவின் ஆசை என்றேன். அப்பா இறந்தது 1998-இல். வாங்குகளைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததாக ஞாபகமில்லை.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு தச்சு பாஸ் பலா மரத்தில் அருமையாகச் செய்து கொடுத்தார். தகட்டில் அப்பாவின் பெயர், ‘நினைவாக’ என்ற சொல், கீழே ஜே.பி.யோடு என் பெயர். “மாமாவின் பெயரை வாசிக்கக் கண்ணாடி வேணும், உங்கட பெயரைத் தெல்தெனியாவில நின்று வாசிக்கலாம்” என்றாள் மனைவி.

உண்மையில், பெயருக்கு அலைகிற கிறிஸ்தவனுக்குக் கண்டி ஏற்ற ஊரே இல்லை. கோவாவிலிருந்து 1687-இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய ஜோசப் வாஸ் அடிகளார் இங்கேதான் வாழ்ந்தார். டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலம். பிச்சைக்காரக் கோலத்தில் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார், கத்தோலிக்கர் யாரென்று கண்டுபிடிக்க. 1692-இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் போட்டார்கள். ஐந்து வருடம் கழித்து அம்மை பரவி வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கைவிடப்பட்ட நோயாளரைக் கழுவி, கஞ்சி ஊட்டி, செத்தவர்களைப் புதைத்தது இந்த மனிதர். ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். அதுவும் என்னைப் போல மூன்றாம் தடவைக்குக் காத்திருக்கிற ‘வேண்டாம்’ இல்லை. 1711 ஜனவரி 16-இல் கண்டியிலேயே காலமானார். இங்கேதான் அடக்கம் செய்தார்கள். எந்த இடத்தில் என்று இன்று விரல் நீட்டிக் காட்ட ஆளில்லை. தகடு அடிக்க ஒரு கல்லறைகூட இல்லாத மனிதர்.

அவரைப் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தது 2015 ஜனவரி 14-இல், கொழும்பு காலிமுகத் திடலில். நானும் ராத்திரியே பஸ் பிடித்துப் போனேன். வாஸ் அடிகளாருக்காகத்தான் போனேன். டெலிவிஷன் கமராவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது தற்செயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் மனைவி சொன்னாள், “உங்கட கை மட்டும் தெரிஞ்சது.” எந்தக் கை என்று கேட்டேன். வலது கையாம். இடது கைக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

வாங்கு கோயிலுக்கு வந்தது. முன்னால் போட்டால் பழைய வாங்குகளின் வரிசை கெடுமாம். கடைசியில், பின்சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். அதாவது என் பெயரைச் சுவர் வாசிக்கிறது. பல்லிகளும் வாசிக்கலாம்.

சரி, லூக்கா பதினாலாம் அதிகாரம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். விருந்தில் கடைசி இடத்தில் போய் உட்கார், வீட்டுக்காரர் வந்து மேலே கூப்பிடுவார். ஐந்து ஞாயிறு என் வாங்கிலேயே உட்கார்ந்து பூசை கண்டேன், கூப்பிடுவதற்கு வசதியாக ஓரத்தில். யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டதாக மாற்கு எழுதுகிறார். மத்தேயுவில் அதைக் கேட்பது அவர்களின் தாய். எனக்காகக் கேட்க அம்மா உயிரோடு இல்லை, மனைவி மறுத்துவிட்டாள். திருநாளன்று ஒரு தொண்டர் நேரே என்னிடம் வந்து குனிந்தார். “அங்கிள், கொஞ்சம் எழும்புங்க.” கோட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினேன். “வாங்குக்குக் கீழ ஸ்பீக்கர் வயர் போகுது.”

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் கோயில் துப்புரவுக்குத் தவறாமல் போகிறேன். என் பணிவைப் பார்த்து ஃபாதர் நெகிழ்ந்துபோயிருக்கிறார். கூட்டுவதற்காக வாங்கைச் சுவரிலிருந்து இழுத்துப் போடும் பத்து நிமிடம் தகடு வெளிச்சத்துக்கு வரும். போன வாரம் பூசை உதவிப் பையன் ஒருவன் நின்று அதை எழுத்துக்கூட்டி வாசித்தான். கையில் இருந்த தும்புத்தடியை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு, அடக்கமாக நின்றேன்.

“அங்கிள், இந்த மேல இருக்கிறவர் யாரு?”

“என் அப்பா. செத்துப்போனார்.”

“ஐயோ. கீழ இருக்கிறவரும் செத்துட்டாரா?”

“இன்னும் இல்லை” என்றேன்.

அவன் பாவப்பட்டு ஒரு பக்கம் பிடிக்க, வாங்கைச் சுவரோடு தள்ளினோம். அவன் போனபின் நான் மட்டும் அதை நாலு விரற்கடை முன்னால் இழுத்துவிட்டு வந்தேன்.