தோற்ற பின்னும் ஜெயித்தவர்

கேள்வி: கமலா ஹாரிசுக்கு முன்னால் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட கறுப்பினப் பெண் யாராவது உண்டா? - வாசகி, மன்னார்குடி

பதில்: பேஷாக உண்டு! ஷெர்லி சிஷோம். புரூக்ளினில் குழந்தைகள் பள்ளி டீச்சர். வகுப்பை அடக்கியவருக்கு வாஷிங்டன் எம்மாத்திரம்? 1968-ல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். நகரத்துக்காரரான அவரை விவசாயக் கமிட்டியில் தூக்கிப் போட்டார்கள். "எங்கள் புரூக்ளினில் ஏதய்யா வயல்?" என்கிற மாதிரி சண்டை பிடித்து மாற்றிக்கொண்டார்.

1972-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்றார். கையில் பணமில்லை. கறுப்பினத் தலைவர்களே பலர் ஒதுங்கி நின்றார்கள். வேட்பாளரைத் தேர்வுசெய்யும் கட்சி மாநாட்டில் கிடைத்தது 152 ஓட்டு; தோற்றார்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அதே போட்டியில் இருந்த ஜார்ஜ் வாலஸ், நிறவெறிக்குப் பேர்போன அலபாமா கவர்னர். மே மாதம் அவர் சுடப்பட்டுப் படுத்தபோது, சொந்த ஆதரவாளர்களின் வசவையும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார் ஷெர்லி. வாலஸ் அழுதுவிட்டார். வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கும் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று ஷெர்லி பின்னர் போராடியபோது, தென் மாநில ஓட்டுகளைத் திரட்டிக் கொடுத்தவர் இதே வாலஸ். ஷெர்லியின் அம்மாவும் வீட்டு வேலை செய்தவர்தான்.

1974-ல் அந்தக் குறைந்தபட்சக் கூலி சட்டமானது. கமலா 2019-ல் களமிறங்கியபோது, தன் பிரசாரச் சின்னத்தின் எழுத்தையும் வண்ணத்தையும் ஷெர்லியின் போஸ்டரைப் பார்த்தே அமைத்துக்கொண்டார்.