நிற்றல் இயல்: புதுச்சேரியில் குடும்பக் கார் தெரிவு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழைய நகரைச் சூழ்ந்த புல்வார் சாலைக்கு உள்ளே குடியிருக்கும் ஒரு குடும்பம் கார் வாங்குவதென்று துணிந்துவிட்டால், புதியதை வாங்குவதா, பழையதை வாங்குவதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது. களம்: ஈஸ்வரன் கோயில் வீதியை ஒட்டிய ஒரு தெரு. மாதிரி: ஒரே ஒரு குடும்பம். அது ஆய்வாளரின் குடும்பமே ஆகையால் நடுநிலைக்கு இடமில்லை. நெறியாளர்: பக்கத்து வீட்டு ஆயா. பட்டம் எதுவும் பெறாதவர். தெருவில் ஐம்பது ஆண்டுக் கோல அனுபவம் உள்ளவர்.

1. சிக்கல்

கடற்கரைக் காந்தி சிலையருகே புறப்பட்டு நேரு வீதி வழியே மேற்கே அண்ணா சாலை வரை நடக்க இருபது நிமிடம் போதும். காரில் எவ்வளவு நேரமாகும் என்பதற்குத் திட்டவட்டமான விடை இல்லை. கிழமையைச் சொன்னால் ஒருவாறு கணிக்கலாம். ஞாயிறன்று காந்தி வீதி முழுவதும் சண்டே மார்க்கெட். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கே வண்டிகளுக்குத் தடை. மீதமுள்ள நேரத்தில், மீதமுள்ள வீதிகளில், எதிர்த்திசையில் ஒருவழிப் பாதை.

இந்நிலையில் கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது நெறியாளர் கேட்டார்: “ஓட்டுறதுக்கு வாங்குறியா தம்பி, நிறுத்துறதுக்கு வாங்குறியா?”

இவ்வாய்வின் அடிப்படை வினா இதுவே. வாகன இலக்கியம் முழுவதும் மைலேஜ், பிக்கப், டார்க் என்று ஓடும் காரையே பேசுகிறது. ஒரு நாளின் பெரும்பகுதி நிற்கும் பொருளை அதன் ஓட்டத்தால் அளப்பது, தூங்கும் குழந்தையை அழுகையால் அளப்பது போன்ற பிழை என்க.

2. முன்னோர் மொழிந்தவை

நிற்றலின் பெருமையை இவ்வூர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்குத் தரப்பட்ட மரியாதைகளுள் ஒன்று, கவர்னர் மாளிகை முற்றம் வரை பல்லக்கிலேயே போகலாம் என்பது. பல்லக்கு எவ்வளவு வேகம் போகும் என்று யாரும் கேட்கவில்லை. எதுவரை போய் நிற்கலாம் என்பதே தகுதி. இன்றைய மொழியில் இதனை ரிசர்வ்டு பார்க்கிங் என்பர்.

அடுத்தது புஷ்புஷ் என்னும் தள்ளுவண்டி. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியால் திருப்புவார். பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளுவார். எங்கு போவது என்பதை ஒருவர் முடிவு செய்ய, அதற்கான உழைப்பை மற்றவர் தரும் இவ்வமைப்பே குடும்பக் காரின் தொல்வடிவம். மாதத் தவணை யார் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது என்று பார்த்தால் இன்றும் அமைப்பு மாறவில்லை என்பது புலனாகும்.

3. அளவையியல்

கருவி: தையல் டேப். எங்கள் கேட்டுக்கும் ஆயா வீட்டு கேட்டுக்கும் இடையே சுவரோரம் கிடைப்பது நான்கு மீட்டரும் ஒரு சாணும். இதைக் கடந்து ஒரு விரற்கடை நீண்டாலும் ஆயாவின் வாசல், அதாவது கோலம், பாதிக்கப்படும்.

இனி ஒப்பீடு. எர்டிகா ஏறத்தாழ 4.4 மீட்டர்; ஏழு பேர் அமரலாம், எட்டாவது ஆளாக ஆயாவின் கோபமும் ஏறும். ஸ்விஃப்ட் 3.86, நிற்கும், ஆனால் உள்ளே நுழைக்க வித்தை தெரிய வேண்டும். வேகன்ஆர் 3.655, ஆல்டோ கே10 3.53. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடருக்கோ 4.3 மீட்டர். அது நின்றது நல்லதே. எங்கள் தெருவில் நின்றிருக்க முடியாது.

இங்கு ஒரு வியப்பு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத, 1200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. மத்திய அரசும் எங்கள் தெரு ஆயாவும் கலந்து பேசாமலே ஏறத்தாழ ஒரே எல்லையை வகுத்திருப்பது ஆய்வுலகம் கவனிக்க வேண்டிய ஒற்றுமை.

4. பழைய கார்: திணைப் பாகுபாடு

செகண்ட்ஹேண்ட் சந்தையில் இரண்டு மாதம் அலைந்ததில், பழைய கார்கள் அனைத்தும் ஐந்திணையுள் அடங்கும் என்று கண்டோம். உரிப்பொருள் அடிப்படையில் அவை வருமாறு:

குறிஞ்சி. புணர்தல். அடிபட்ட ஒரு காரின் முன்பாதியும் வேறொன்றின் பின்பாதியும் வெல்டிங்கால் கூடியது. பானெட்டைத் தூக்கி, பக்கவாட்டுப் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு உண்டா, கதவு இடைவெளி இருபுறமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்தால் களவு வெளிப்படும்.

முல்லை. இருத்தல். பிரான்சில் வாழும் உரிமையாளர் ஆண்டுக்கு இரு மாதம் வருவார். மீதிப் பத்து மாதம் கார் உறை போர்த்திக்கொண்டு காத்திருக்கும். “சிங்கிள் ஓனர் சார், சொல்தா வண்டி, பதினெட்டாயிரம்தான் ஓடியிருக்கு” என்பார் தரகர். சொல்தா என்பது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். கற்பு உண்மைதான். ஆனால் பேட்டரி செத்திருக்கும், டயர் ஒருபக்கம் தட்டையாகியிருக்கும், ரப்பர் எல்லாம் வெடித்திருக்கும். காத்திருப்பும் ஒரு தேய்மானமே.

மருதம். ஊடல். ஆர்சியில் ஒருவர் பெயர், கையில் வைத்திருப்பவர் இன்னொருவர், கடன் கொடுத்த நிறுவனம் மூன்றாமவர். 29, 30 ஆம் படிவங்களில் உரிமையாளர் கையெழுத்தும், கடன் தீர்ந்ததற்கு 35 ஆம் படிவமும் இல்லாமல் முன்பணம் கொடுப்பவன் பிறர் வீட்டுச் சண்டையில் பாணனாகத் தூது போனவன் ஆவான்.

நெய்தல். இரங்கல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இவ்வூர் அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் தண்ணீரில் நின்ற கார்கள் பல, பின்னர் சென்ட் அடித்துக்கொண்டு சந்தைக்கு வந்தன. சோதனை எளிது: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், உள்முனையில் சேற்றுக்கோடு இருந்தால் கார் மூழ்கி எழுந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழியின் விரிப்பைத் தூக்கி முகருங்கள். இத்தோடு ஆண்டு முழுவதும் வீசும் உப்புக்காற்று வேறு. கதவின் அடிவிளிம்பை விரல் நகத்தால் சுரண்டாமல் விலை பேசலாகாது.

பாலை. பிரிதல். வேற்று மாநிலம் விட்டு வந்தது. 28 ஆம் படிவத் தடையின்மைச் சான்று வாங்கி, பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இத்திணையில் எதிர்த்திசைப் பிரிவும் உண்டு. வரி குறைவு என்பதால் இங்கே பதிவாகி, மணக்குளத்து விநாயகரை ஒருமுறைகூடப் பார்க்காமல் வெளியூரில் வாழ்ந்த PY எண் சொகுசுக் கார்கள் பற்றி 2017-இல் கேரளமே பேசியது. ஊர்ப் பெயரைச் சுமந்து ஊருக்கு வராத பிள்ளைகள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பர்.

5. புதிய கார்

நூறடி ரோடு ஷோரூம்களில் ஆய்வாளருக்கு மூன்று முறை ஏலக்காய் டீ கிடைத்தது. மாமனார் மட்டும் பிரெஞ்சுக் கார்தான் வேண்டும் என்றார். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குபவர் என்பதால் விசுவாசம். ரெனோ க்விட் தயாராவது ஒரகடத்தில் என்று விற்பனையாளர் சொன்னதும் ஆர்வம் இழந்தார்.

புதிய காருக்கு எதிரான வலுவான வாதம் விலையன்று, முதல் கீறல். மணக்குள விநாயகர் கோயிலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சை நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவரும் கார், எங்கள் தெருவில் ஒரு தண்ணீர்க் கேன் வண்டிக்கும் ஒரு ஸ்கூட்டி கைப்பிடிக்கும் இடையில் எத்தனை நாள் கன்னியாக இருக்கும்? அதுவரை வீட்டில் எவருக்கும் தூக்கம் இராது. பழைய காரிலோ கீறல் முன்கூட்டியே செலுத்தப்பட்டுவிட்டது. விற்றவரின் துயரம், வாங்கியவரின் நிம்மதி.

ஆகவே முல்லைத் திணையில் ஒரு வேகன்ஆர் வாங்கப்பட்டது. பேட்டரியும் டயரும் உடனே மாற்றப்பட்டன.

6. கள ஆய்வு

முதல் மாதக் குறிப்பேடு சொல்வது: கார் ஆறு முறை வெளியே சென்றது. மாமனாரோடு ஜிப்மர் மருத்துவமனைக்கு மூன்று முறை, தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்ற மகிழ்ச்சியில் பெட்ரோல் போட ஒருமுறை, காற்றடிக்க ஒருமுறை, உறவினருக்குக் காட்ட ஒருமுறை.

புதிய சிக்கல் ஒன்று தோன்றிற்று. எடுத்தால் இடம் போய்விடும். சனி ஞாயிறுகளில் பெங்களூருப் பெருவண்டிகள் மோப்பம் பிடித்து வந்து நுழையும். தீர்வுகள் சோதிக்கப்பட்டன. சோதனை ஒன்று: இரண்டு செங்கல். நகர்த்தி வைத்துவிட்டு நிறுத்தினார்கள். சோதனை இரண்டு: என் ஸ்கூட்டர். தூக்கி ஓரம் வைத்துவிட்டு நிறுத்தினார்கள். சோதனை மூன்று: பூந்தொட்டி. தொட்டியையே காணோம்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, மாமனாருக்கு அவசரமாக ஜிப்மர் போகவேண்டி வந்தது. விடியும் முன் நானும் மனைவியும் அவரோடு கிளம்பும்போது நெறியாளர், “நீ போ தம்பி, எடத்த நான் பாத்துக்கறேன்” என்றார்.

நண்பகலில் திரும்பினோம். தெருவில் இருபுறமும் வெளியூர் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. எங்கள் இடம் மட்டும் காலியாக இருந்தது. சுவரிலிருந்து சாலை வரை, நான்கு மீட்டரும் ஒரு சாணும் நிறைத்து, புள்ளி தப்பாத சிக்குக் கோலம். நடுவே சாணிப் பிள்ளையார், தலையில் பரங்கிப் பூ. எங்கள் கண்ணெதிரே ஒரு கர்நாடகப் பெருவண்டி வந்தது, வேகம் தணிந்தது, ஓட்டியவர் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்.

ஆயா வாசற்படியில் அமர்ந்தபடி, “அப்படியே இருக்குது பாரு” என்றார்.

இருந்தது. பிள்ளையார் மேல் காரை ஏற்ற எனக்கும் கால் வரவில்லை. மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு மூவரும் நடந்தே வீடு வந்து சேர்ந்தோம். ஆய்வேடு நெறியாளரால் ஏற்கப்பட்டதாகவே கொள்கிறேன்.