வக்கீலுக்கு வீடு இல்லை

சென்னைக்குப் புதிதாக வேலைக்கு வந்து வாடகை வீடு தேடுகிறவர், வாடகை எவ்வளவு என்று வாயைத் திறப்பதற்குள் ஏழெட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்திருப்பார். ஃபேமிலியா, பேச்சுலரா? சொந்த ஊர் எது? எந்த ஆபீஸ்? மொத்தம் எத்தனை பேர்? ஊரிலிருந்து ஆட்கள் அடிக்கடி வந்து தங்குவார்களா? நான்-வெஜ் உண்டா? ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? இத்தனையும் வாசல் கேட்டைத் திறக்காமல், கம்பிகளுக்கு நடுவே நடக்கும். அரசுப் பணித் தேர்வாணையம்கூட நேர்முகத் தேர்வுக்கு வந்தவரை உட்காரச் சொல்கிறது. ஹவுஸ் ஓனர்களின் வம்புக் குணம் என்று சொல்லி இதைச் சிரித்துக் கடப்பது வழக்கம். அந்தக் கேள்விகளில் பாதியையாவது அவர்கள் வாயில் போட்டது சட்டமன்றம்தான் என்பது என் கட்சி.

1960-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல உரிமையாளரிடம் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று இருந்தாக வேண்டும்: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார், உள்வாடகைக்கு விட்டார், வீடு எனக்கே தேவைப்படுகிறது, இந்த மாதிரி. இருவரும் பேசி முடித்த வாடகையைத் தள்ளிவிட்டு ‘நியாய வாடகை’ நிர்ணயிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகவும் வழி இருந்தது. ஏழைக் குடித்தனக்காரரைக் காப்பாற்ற வந்த சட்டம், குறை சொல்ல மனம் வராது. ஆனால் வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்தன. கட்டியவர் வாய்தாவுக்கு அலைய, குடியிருந்தவர் சௌகரியமாகக் கிழவரானார். ஆளை வெளியே அனுப்பும் அதிகாரம் போய்விட்டால், உள்ளே விடாமலிருக்கும் அதிகாரம் ஒன்றுதான் மிச்சம். எனவே சந்தேகம் எல்லாவற்றையும் கேட்டருகிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பத்து மாத அட்வான்ஸ் அந்தப் பயத்துக்குக் கட்டிய தாயத்து. பதினொரு மாத அக்ரிமெண்டோ, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து ஒரு மாதம் தள்ளி நின்றுகொள்ளும் சாமர்த்தியம்.

ஓனருக்குப் பணம்தான் குறி, மற்றதெல்லாம் சாக்கு என்பவர்கள் உண்டு. அப்படியானால் இந்த ஊரில் வக்கீலுக்கு வீடு கிடைப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்? நல்ல வருமானம், மரியாதையான தொழில், நாலு பேருக்கு உதவக்கூடிய மனிதர். அவர்மேல் உள்ள ஒரே குற்றச்சாட்டு, அவருக்குச் சட்டம் தெரியும் என்பது. ஐந்து வருஷம் படித்துப் பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்தாலேயே தெருவில் நிற்கிறார். போலீஸ்காரரும் பத்திரிகைக்காரரும் அதே வரிசையில் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். பேச்சுலர் விஷயத்திலும் ஒழுக்கக் கவலை பாதிதான். நான்கு பையன்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒருவன் பெங்களூருக்குப் போவான், அவன் இடத்துக்கு அவன் சித்தப்பா பையன் வருவான், இரண்டு வருஷத்தில் அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்ட ஒருவனும் அங்கே இருக்கமாட்டான். யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? இவர்களுக்காகத்தான் திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் இருக்கின்றன. அங்கே கேள்விகள் குறைவு. அந்தக் குறையை மூட்டைப்பூச்சிகள் ஈடுகட்டிவிடும்.

பழைய சட்டம்தான் போய்விட்டதே, இன்னும் என்ன பயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையை அளவாக வைக்கிறது. ஆனால் அறுபது வருஷப் பயம் அரசிதழ் படித்துத் தெளிவதில்லை. அதோடு, சட்டம் வந்த அதே 2019-இல், ஜூன் மாதம் சென்னையின் ஏரிகள் வறண்டு ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது. ஓனர் கீழே, குடித்தனக்காரர் மாடியில், இருவருக்கும் ஒரே சம்ப், மோட்டார் ஸ்விட்ச் ஓனர் வீட்டுக்குள். இந்த ஏற்பாட்டில் ‘எத்தனை பேர்’ என்பது குடும்ப விசாரணையாகாது, குடக் கணக்கு. ஊரிலிருந்து அத்தை வருவாரா என்று கேட்பதும் அத்தை எத்தனை பக்கெட்டில் குளிப்பார் என்று அறியத்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகத் தந்தும், சப்-மீட்டர் வைத்த மாடிக்கு அது ஏறி வராத மர்மத்துக்கு மட்டும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் விளக்கம் இல்லை.

இவ்வளவு வக்காலத்து வாங்கியதால் ஓனரை முழுக்க விடுதலை செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கருவாடு வறுத்தால் சம்ப் வற்றாது. மீன் குழம்பு சாப்பிடுகிறவரைக் காலி செய்வது கடினம் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ‘வெஜிடேரியன் மட்டும்’ என்ற பலகையும், சொந்த ஊரைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, அதிலும் தெரியாதபோது குலதெய்வம் வரை போகும் விசாரணையும் பயத்தில் பிறந்தவை என்றால் நான் நம்பமாட்டேன். அது சுத்தமான சாதி, மதக் கணக்கு. அட்வான்ஸை மாதக் கணக்கில் எண்ணிய புதிய சட்டமும், வாசலில் யாரைத் திருப்பி அனுப்பலாம் என்ற இடத்தில் வாயை மூடிக்கொண்டது.

புதிதாக வருகிறவருக்கு ஒரு வழி இருக்கிறது: அவரும் ஒரு கேள்வி கேட்கலாம். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீடு பார்ப்பவர், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரிக்கட்டும். அதுவரை சரளமாகப் பேசிய ஓனர் ஒரு கணம் செருப்பைப் பார்ப்பார். பிறகு, எதிர்வீடு வரைக்கும்தான் வந்தது, நம்ம வீடு மேடு என்பார். எதிர்வீட்டிலும் டூ-லெட் பலகை தொங்கினால் அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே தண்ணீர் இந்த வீட்டோடு நின்றிருக்கும்.