கணக்கில் பிசகாதவர்கள்

அடையாறு ஆற்றையொட்டிய பசுமைவழிச் சாலையில் அமைச்சர்கள் குடியிருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு நான் ஒரு பாராட்டுக் கடன்பட்டிருக்கிறேன்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. அமைச்சர்களே, 2017 ஜனவரி 10 அன்று தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தீர்கள். நிலவரியைத் தள்ளுபடி செய்தீர்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 என்று நிவாரணம் அறிவித்தீர்கள். பயிர் மூன்றில் ஒரு பங்காவது கருகியிருக்க வேண்டும் என்பதிலும் கறாராக இருந்தீர்கள். அடங்கல் பதிவேடும் கையுமாக வயலுக்கு வந்த அலுவலர்கள் காய்ந்த தூரைப் பிடுங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பயிரின் வாட்டத்தை இவ்வளவு நுணுக்கமாக அளந்த அரசு வாழ்க! பக்கத்திலேயே துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றவரிடம் “ராத்திரி தூங்குறீங்களாய்யா?” என்று கேட்கத்தான் படிவத்தில் கட்டமில்லை.

உங்கள் ஈகையும் பெரிது. உயிர் நீத்த 17 விவசாயிகளின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தீர்கள். அறிவும் பெரிது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில், வறட்சியால் எந்த விவசாயியும் சாகவில்லை, எல்லாம் சொந்தக் காரணங்கள் என்றீர்கள். உண்மைதான். கூட்டுறவுக் கடன் சொந்தம், அடகில் மூழ்கிய நகை சொந்தம், வற்றிய போர்வெல் சொந்தம், தள்ளிப்போன மகளின் கல்யாணமும் சொந்தம். வானம் மட்டும்தான் அவருக்குச் சொந்தமில்லை. மாண்டவரின் மனத்துக்குள் புகுந்து காரணம் கண்டறியும் இந்தத் திறமை, அவர் உயிரோடு இருந்தபோது அவர் திண்ணைக்கு வந்திருந்தால் எத்தனை வீடுகள் பிழைத்திருக்கும்!

வழி தெரியாமலும் இல்லை. 1986-ல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டிவைக்கச் செய்தது. அங்கே தற்கொலைகள் குறைந்ததாக 2013-ல் ஆய்வு வெளியானது. ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் புதுக்கோட்டைக் கிராமங்களுக்குப் பேருந்தையே அனுப்பி, காணொளி வழியே மனநல மருத்துவரைப் பார்க்க வைத்தது. உங்கள் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கிறது. கூப்பிடத் தெம்பு உள்ளவருக்கு அது போதும். தெம்பு போனவரைத் தேடி யாராவது போக வேண்டும்.

மழை மறுபடியும் பொய்க்கும். அடங்கலோடு மறுபடியும் வருவீர்கள். அந்த வண்டியில் மனநலம் படித்த ஒரு செவிலியரையும் ஏற்றி அனுப்புங்கள். பயிருக்குக் காட்டிய அக்கறையில் மூன்றில் ஒரு பங்கை அதை விதைத்தவருக்கும் காட்டுங்கள். அன்றைக்கு இந்தப் பாராட்டை நெஞ்சு உறுத்தாமல் சொல்வேன்.